சிறுத்தை என்று எண்ணித் தேடினோம்

"நம்ம நாட்டுக் காட்டுல திரிஞ்ச சிவிங்கியைக் கையால தொட்டவங்க இனிமே யாரும் உயிரோட இருக்க மாட்டாங்க, இல்ல தாத்தா?" என்று ஹரிதா கேட்டாள்.

"ஏன், நான் ஒருத்தன் குத்துக்கல்லாட்டம் உக்காந்துக்கினு இருக்கறது கண்ணுக்குத் தெரியலியா?" என்றேன். அவள் கையிலிருந்த காபி தளும்பிச் சுடிதாரில் கொட்டியது.

ஹரிதா எங்கள் எதிர்வீட்டுப் பெண். திருப்பதியில் கால்நடை டாக்டர். வெளிநாட்டிலிருந்து சிவிங்கிகளை, இங்கிலீஷில் சீட்டா என்பதை, விமானத்தில் ஏற்றிவந்து வடக்கே ஒரு காட்டில் விட்டார்களே, அன்று முதல் அவளுக்கும் அவளோடு வேலை பார்க்கிற பிள்ளைகளுக்கும் அதே பேச்சு. நான் மாட்டாஸ்பத்திரிகளில் கம்பவுண்டராகவே தலை நரைத்தவன். நடந்ததை எழுதிக் கொடுங்கள் என்று நச்சரித்தாள். எழுதுகிறேன். ஆனால் படித்துவிட்டு என்னைக் கோபித்துக்கொள்ளக் கூடாது. இது மனசுக்கு இதமான கதை இல்லை.

என் பெயர் முனிரத்தினம். என் நைனா நகரியில் தறி நெய்தவர். எனக்கு நூலும் பாவும் ஒத்துவரவில்லை. அரைகுறைப் படிப்போடு கம்பவுண்டர் பயிற்சிக்குப் போனேன். டிங்சர் எது, லைசால் எது என்று மூக்கை வைத்தே சொல்லக் கற்றுக்கொண்டேன், மாட்டிடம் உதை வாங்கினேன், பாஸ் செய்தேன். பயிற்சியைப் பற்றிச் சொல்ல அவ்வளவுதான் இருக்கிறது. முதல் வேலையே சொந்த ஊரில், நகரி ஆஸ்பத்திரியில் கிடைத்தது.

ஆந்திரா தனி மாநிலமாகிச் சில வருஷம் ஆகியிருந்த நேரம். திருத்தணி மதராஸ் பக்கம் போகுமா, சத்தியவேடு ஆந்திரா பக்கம் வருமா என்று டீக்கடைக்கு டீக்கடை வாய்ச்சண்டை. எல்லையை ஊர் ஊராகப் பார்த்துப் பிரிக்க அதிகாரிகள் ஜீப்பில் சுற்றிக்கொண்டிருந்தார்கள். விஜயபுரம் பக்கத்துப் பாறைக் கரடுகள், புல்வெளிகள் எல்லாம் யாருக்கு என்று யாருக்கும் தெரியாது. அங்கே மேய்கிற ஆட்டுக்கு மட்டும் அந்தக் கவலை இல்லை.

எங்கள் டாக்டர் சேஷய்யா கோஸ்தாக்காரர், ஆந்திரக் கடலோரத்துத் தெலுங்கர். மதராஸில் வேப்பேரி கால்நடைக் கல்லூரியில் படித்ததால் தமிழ் நன்றாகப் பேசுவார். கோபம் வந்தால் மட்டும் தெலுங்கு. மனிதர்களைப் பார்த்துச் சிரித்ததே கிடையாது. ஆனால் சினை எருமையிடம் "அம்மா, கொஞ்சம் பொறுத்துக்கோங்க" என்று மரியாதையாகப் பேசுவார். அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. எந்த ஜீவன் வந்தாலும் உடனே தொட மாட்டார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அதை ஒரு முறை முழுசாகச் சுற்றி வருவார். வாயைத் திறக்க மாட்டார். காது, கண், விலா, குளம்பு, வால் என்று பார்த்துக்கொண்டே வந்து, புறப்பட்ட இடத்தில் நின்ற பிறகுதான் "என்ன சமாசாரம்?" என்று கேட்பார். மாட்டைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்கள் "டாக்டர் பிரதட்சணம் பண்றாருடா" என்று தங்களுக்குள் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன்.

"மாடு எங்க வலிக்குதுன்னு சொல்லாது முனிரத்தினம். மாட்டுக்காரன் தப்பா சொல்லுவான். சுத்தி வந்தா அதுவே சொல்லிடும்" என்பார். அந்தப் பிரதட்சணத்தில் எத்தனையோ மாடுகள் பிழைத்திருக்கின்றன. வயிற்று உப்புசம் என்று கொண்டுவந்த பசுவுக்குக் குளம்பிடுக்கில் ஆணி ஏறியிருந்ததை அப்படித்தான் கண்டுபிடித்தார்.

ஒரு கோடைக் காலைப் பொழுது. கங்கம்மா ஜாதரைத் திருவிழாவுக்குக் காப்புக் கட்டியிருந்த நேரம். ஆஸ்பத்திரி வாசலில் ஒரு மாட்டுவண்டி வந்து நின்றது. மாடுகள் இரண்டும் கண்ணை உருட்டிக்கொண்டு நுரை தள்ளின. வண்டியைச் சுற்றிலும் வேலமுள். உள்ளே வைக்கோல் பிரியாலும் வலையாலும் கட்டிய ஒரு மூட்டை. ஓட்டிவந்தவன் கன்னியப்பன் என்கிற ஆட்டுக்காரன். அவன் மச்சான் ஏழுமலை சைக்கிளில் பின்னால் வந்தான்.

"சார், சிறுத்தை சார்! ஒயிரோட இட்டாந்துக்கீறோம்!" என்றான் கன்னியப்பன்.

நான் கையிலிருந்த பாட்டிலைப் போட்டு உடைத்தேன். பொய் சொல்வானேன், இரண்டடி பின்னாலும் போனேன்.

அவன் பட்டியில் வரிசையாக ஆடு போய்க்கொண்டிருந்தது. கொல்லனிடம் சொல்லி இரும்புப் பொறி அடித்து, கரட்டடியில் வைத்திருக்கிறான். விடிந்ததும் போய்ப் பார்த்தால் இது முன்னங்கால் சிக்கிக் கிடந்திருக்கிறது.

"அடிச்சிருப்பேன் சார். கல்லத் தூக்கிட்டேன். அது சீறல சார், ஒறுமல. என்னியப் பாத்து குருவி மாரி கத்துச்சு. கல்லக் கீழ போட்டுட்டேன். காப்பு வேற கட்டிக்கீது. ஆத்தா கண்ணக் குத்திடுவான்னு இட்டாந்துட்டேன்."

"குருவி மாதிரியா?" என்று டாக்டர் வண்டிக்குள் எட்டிப் பார்த்தார். பொறி இன்னும் காலிலேயே இருந்தது. ரத்தம் வைக்கோலை நனைத்துப் பலகை இடுக்கில் சொட்டிக்கொண்டிருந்தது. சுற்றி வரவும் வழியில்லை, ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் மிரண்டு துள்ளும் மாடுகள். உயிர் போய்க்கொண்டிருக்கிற அவசரத்தில் அவர் பார்த்தது மஞ்சள் தோல், கறுப்புப் புள்ளி, அடிவயிறு. அடிவயிற்றில் காம்புகள் புடைத்திருந்தன. ஒன்றிலிருந்து பால் கசிந்தது.

"அய்யோ, பால் குடுக்கற தாய்" என்றார். "டேய், குட்டி இருக்கு. தாய் இல்லாம வெயில்ல செத்துப்போகும்." ஏழுமலையைக் கூப்பிட்டார். "சிறுத்தை பாறை இடுக்குலதான் குட்டி போடும். உங்க கரட்டுல குகை இருக்கா? போ, ஆளுங்கள கூட்டிக்கிட்டுப் போய்த் தேடு. அடிக்காதே, உயிரோட கொண்டா. நான் வளத்துக்குடுக்கிறேன்." ஏழுமலை சைக்கிளை மிதித்துக்கொண்டு பறந்தான்.

அவர் சொன்னதில் என்ன தப்பு? சிறுத்தை பாறை இடுக்கில்தான் குட்டி போடும். அது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும்.

நாங்கள் வேலையைத் தொடங்கினோம். கோணிப்பையில் பஞ்சை வைத்து, குளோரோபார்மைச் சொட்டுச் சொட்டாக விட்டு, அதன் முகத்தின் மேல் போட்டேன். கொல்லன் துருத்தி மாதிரி ஏறி இறங்கிய விலா மெல்ல மெல்ல அடங்கியது. பொறியின் வாயை இரண்டு கடப்பாரையால் நெம்பித் திறந்தோம். தூக்கி மேஜையில் போட்டோம். நான்தான் மார்பின் கீழே கையைக் கொடுத்துத் தூக்கினேன். சிறுத்தை என்றால் திம்மென்று கனக்கும் என்று நினைத்திருந்தேன். இது இளைத்த கன்றுக்குட்டிபோல லேசாக இருந்தது. உள்ளே இதயம் என் உள்ளங்கையில் தடதடவென்று அடித்தது. அந்தத் துடிப்பு இப்போதும் என் கையில் இருக்கிறது.

டாக்டர் வெந்நீர் விட்டுக் காலைக் கழுவினார். இரண்டு விரல்கள் எலும்பு நொறுங்கித் தொங்கின. வெட்டித்தான் ஆக வேண்டும். கத்தியை எடுத்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"முனிரத்தினம், இந்த நகத்தப் பாரு."

பார்த்தேன். நகம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"நீட்டியிருக்கு சார்."

"மயக்கத்துல இருக்கு. பூனை ஜாதி தூங்கினா நகம் உறைக்குள்ள போயிடணும். இது உள்ள போகவே போகாது போலிருக்கு. முனையும் மழுங்கிக் கெடக்கு, நாய் நகம் மாதிரி." கத்தியைக் கீழே வைத்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். மேஜையைச் சுற்றி வர ஆரம்பித்தார்.

எனக்கு அந்தச் சுற்று முடிகிற மாதிரியே தெரியவில்லை. அவர் பார்த்ததையெல்லாம் நானும் பார்த்துக்கொண்டே வந்தேன். சிறுத்தையின் தோலை அதற்கு முன்பும் பார்த்திருக்கிறேன். அதன் புள்ளிகள் பூ விரிந்த மாதிரி, நடுவில் வெளுத்து இருக்கும். இதன் புள்ளி ஒவ்வொன்றும் மை தொட்டு விரலால் வைத்த பொட்டு. சிறுத்தைக்குக் குட்டைக் கால், பாறை மாதிரி மார்பு, ஆட்டைக் கவ்விக்கொண்டு மரமேறுகிற கழுத்து. இதற்கு ஒட்டிய வயிறு, வேட்டை நாயின் இடுப்பு, நெட்டைக் கால்கள், சின்னத் தலை. கோணிப்பையை லேசாக விலக்கினார். இரண்டு கண்ணின் ஓரத்திலிருந்தும் வாய் வரைக்கும் கறுப்பாக ஒரு கோடு. அழுது அழுது மை வழிந்த முகம்.

டாக்டர் புறப்பட்ட இடத்துக்கு வந்து நின்றார். நெற்றியில் வேர்வை.

"இதி சிருத காதய்யா" என்றார். இது சிறுத்தை இல்லை. அப்புறம் தமிழில், "சிவிங்கி. ராஜாக்கள் மான் வேட்டைக்குப் பழக்கி வெச்சிருந்தாங்களே, அது. படத்துலதான் பாத்திருக்கேன். முனிரத்தினம், இந்த ஜாதி இந்தியாவுலயே இல்லைன்னு சொல்லியாச்சு. அழிஞ்சுபோச்சுன்னு முடிச்சுட்டாங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இல்லை என்று சொல்லப்பட்ட ஜீவன், பால் கசிகிற மடியோடு என் முன்னால் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறது.

"அப்ப குட்டிங்களும் சிவிங்கிதானே சார்?" என்றேன் மடத்தனமாக.

டாக்டரின் முகம் மாறியது. "சிறுத்தை பாறையில ஏறும். இது ஏறாது. இது சமதரையில ஓடற ஜாதி. குட்டியக் குகையில வெக்காது. உயரமான புல்லுல ஒளிச்சு வெக்கும்." பரபரவென்று கன்னியப்பன் பக்கம் திரும்பினார். "உங்க கரட்டுகிட்ட புல்லு இருக்கா?"

வாசற்படியில் குந்தியிருந்த கன்னியப்பன் எழுந்தான்.

"கீது சார். இடுப்பு ஒசரம் கீது. அதத் தாண்டித்தான் கொகைக்குப் போவணும்." பிறகு அலறினான். "சார், மொதல்ல புல்லுக்கு நெருப்பு வெப்பாங்க சார்!"

சிறுத்தை இருக்கிற கரட்டுக்கு எங்கள் பக்கத்தில் யாரும் புல்லுக்குள் நடந்து போக மாட்டார்கள். ஆண் சிறுத்தை படுத்திருந்தால் யார் உயிர் போகும்? காற்றுப் பார்த்து அடிவாரத்தில் கொளுத்திவிடுவார்கள். எரிந்து வெட்டவெளியான பிறகு தாரை தப்பட்டையோடு பாறைக்கு ஏறுவார்கள். எல்லாருக்கும் தெரிந்த, எல்லாரும் செய்கிற காரியம். டாக்டர் கோஸ்தாக்காரர், அவருக்கு அது தெரியாது.

"பரிகெத்து!" என்று கத்தினார். "ஓடு! நான் இவளை விட்டு வர முடியாது, ரத்தம் நிக்கல. நீங்க ஓடுங்க!"

பயணியர் பங்களாவில் எல்லை பார்க்க வந்த ஜீப் நின்றிருந்தது. நானும் கன்னியப்பனும் போய் அதிகாரியின் காலில் விழாத குறையாகக் கேட்டோம். அந்த மனிதர் நிதானமாக, "எந்தக் கரடு? அது எந்தப் பக்கம் சேரும்னு இன்னும் முடிவாகலையே" என்றார். "அய்யா, எந்தப் பக்கம் சேந்தாலும் சாம்பலா சேரப்போவுது!" என்று நான் கத்தினேன். அதற்கு முன்னால் எந்த அதிகாரியிடமும் நான் குரல் உயர்த்தியதில்லை. அவர் திடுக்கிட்டு டிரைவரைக் கைகாட்டினார்.

வழியெல்லாம் கன்னியப்பன் ஜீப்பின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே வந்தான். "ஆத்தா, காத்த நிறுத்து. ஆத்தா, காத்த நிறுத்து." வேறு ஒரு வார்த்தையும் அவன் வாயில் வரவில்லை. விஜயபுரத்தைத் தாண்டி ஒரு வளைவு திரும்பியதும் அந்த வேண்டுதலும் நின்றுபோனது. எதிரே கரட்டின் மேல் புகை நின்றிருந்தது.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது சரிவு முழுக்கக் கறுப்பு. ஓரத்தில் மட்டும் இன்னும் பொசுங்கிக்கொண்டிருந்தது. மேலே பாறையில் ஆட்கள் நின்று கையாட்டினார்கள். ஏழுமலை உற்சாகமாகக் கத்தினான்: "மாமா, கொகையில ஒண்ணும் இல்ல! மொளகா பொகை கூடப் போட்டுப் பாத்துட்டோம்! குட்டியே இல்ல!"

கன்னியப்பன் செருப்பில்லாத காலோடு அந்தக் கரிக்குள் ஓடினான். நானும் ஓடினேன். சூடு என் செருப்பைத் துளைத்தது. ஒரு கற்றாழைப் புதர் பாதி வெந்து நின்றது. அதன் அடியில் கிடந்தன. மூன்று.

அந்தக் குட்டிகளுக்கு முதுகெல்லாம் நீளமாகச் சாம்பல் நிற முடி இருக்கும் என்று பிற்பாடு டாக்டர் சொன்னார். காய்ந்த புல்லோடு புல்லாகத் தெரிவதற்காகவாம். ஆபத்து வந்தால் ஓடாதாம். தாய் வந்து கூப்பிடும் வரை அசையாமல் படுத்திருக்குமாம். அசையாமல்தான் படுத்திருந்தன.

ஒன்றுக்கு மட்டும் வயிறு ஏறி இறங்கியது. கன்னியப்பன் தலைத்துண்டை அவிழ்த்து அதைச் சுற்றினான். மற்ற இரண்டையும் நான் ஏந்திக்கொண்டேன். ஜீப்பில் அவன் மடியில் அது ஒரு முறை வாயைத் திறந்தது. சன்னமாக, "கீச்" என்று ஒரு சத்தம்.

"தோ, தோ, அம்மாகிட்டத்தான் போறோம் கண்ணு" என்றான் அவன். "துன்ன ஒண்ணும் குடுக்கலன்னு கோவிச்சுக்காத. தோ, ஊரு வந்துடுச்சு."

நகரித் தெரு வந்தபோது வயிறு ஏறவில்லை.

ஆஸ்பத்திரியில் தாய்க்கு மயக்கம் தெளிந்துகொண்டிருந்தது. கட்டுப்போட்டு, தொற்று மாடுகளைத் தனியாகக் கட்டுகிற கொட்டகையில் கம்பிக்குப் பின்னால் படுக்க வைத்திருந்தார் டாக்டர். எங்களைப் பார்த்து எழுந்து வந்தார். துண்டைத் தாழ்வாரத்தில் வைத்துப் பிரித்தான் கன்னியப்பன். மற்ற இரண்டையும் நான் பக்கத்தில் வைத்தேன். டாக்டர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். அந்த மூன்றையும் மெதுவாக, முழுசாக ஒரு முறை சுற்றி வந்தார். சுற்றி முடித்து நின்றபோது அவர் உதடு கோணியது. சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அப்போதுதான் கொட்டகையிலிருந்து சத்தம் வந்தது. அவ்வளவு பெரிய மிருகத்தின் தொண்டையிலிருந்து வருகிற சத்தமா அது! கூண்டுக்கிளிக்குப் பசித்தால் கத்துமே, அப்படி. கீச், கீச், பிறகு ஒரு மௌனம். பதிலுக்காகக் காத்திருக்கிற மௌனம். திரும்பவும் கீச், கீச். மருந்து வாங்க வந்த ஒருவர் ஓட்டுக் கூரையை அண்ணாந்து பார்த்து, "என்னா பட்சி சார் இது?" என்று என்னிடம் கேட்டார்.

கறி வைத்தேன், பால் வைத்தேன், முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. மூன்று காலில் எழுந்து, கரடு இருக்கிற திசையைப் பார்த்து நின்றது. கூப்பிட்டது. காதை நிமிர்த்திக் கேட்டது. மறுநாள் மத்தியானம் வரைக்கும் கூப்பிட்டது. அப்புறம் கூப்பாடு நின்றது, கூடவே மூச்சும் நின்றது. காலில் சீழ் இல்லை, காய்ச்சல் இல்லை. டாக்டர் எவ்வளவு பார்த்தும் சாவுக்குக் காரணம் அகப்படவில்லை.

மேலே இருப்பவர்களுக்கு டாக்டர் நடந்ததைத் தெரிவித்தார். அழிந்துபோன மிருகம் எப்படி ஆஸ்பத்திரிக்கு வரும், சிறுத்தையாகத்தான் இருக்கும் என்று பதில் வந்தது. அதற்குள் ஜாதரை நடந்து முடிந்தது. ஜாதரை முடிந்த வாரமே கன்னியப்பன் பட்டியில் இன்னொரு ஆடு போயிற்று. பட்டியோரத்து ஈரமண்ணில் கால் தடம். அவன் கூப்பிட்டு நானும் போய்ப் பார்த்தேன். வட்டமான தடம், நகத்தின் குறியே இல்லை. நிஜச் சிறுத்தை.

"அப்ப என் ஆட்டத் துன்னது அது இல்லியா?" என்று கேட்டான். அந்த வருஷமே ஆடுகளை விற்றுவிட்டு, தறிக்குக் கூலியாகப் போனான்.

இப்போது சிறுத்தையை அடித்தால் ஜெயில். நல்ல சட்டம், அது இருக்கட்டும். திருமலை நடைபாதையில் சிறுத்தை வந்தால் கூண்டு வைத்துப் பிடித்து, வைத்தியம் பார்த்து, கொண்டுபோய் விடுகிறார்கள். ஹரிதாவே அதற்குக் கட்டுப் போட்டிருக்கிறாள். ஆளைக் கடித்தாலும், ஆட்டைத் தூக்கினாலும் பாறையில் ஏறி, மரத்தில் ஏறி, ஊருக்குள்ளும் ஒளிந்து அது பிழைத்துக்கொண்டது. ஒருத்தரையும் தொடாத சிவிங்கிக்குத் திறந்த வெளியும் புல்லும் மட்டும் வேண்டியிருந்தது. ஆசியாவின் சிவிங்கி இப்போது ஈரானில் மட்டும் விரல்விட்டு எண்ணுகிற அளவில் இருக்கிறதாம். இரண்டும் ஒன்றுதானே என்று யாராவது சொன்னால் எனக்கு ஏன் அப்படிக் கோபம் வருகிறது என்று இப்போது தெரிகிறதா?

நேற்று ஹரிதா செல்போனை எடுத்துக்கொண்டு வந்தாள். "தாத்தா, ஒரு வீடியோ பாருங்க. புதுசா வந்த சிவிங்கி" என்றாள். திரையில் காய்ந்த புல். அதன் நடுவில், அழுத முகத்தோடு அது நின்றிருந்தது. வாயைத் திறந்தது.

கீச். கீச்.

சமையலறையிலிருந்து என் மருமகள், "மாமா, ஜன்னல்ல குருவி வந்துக்கீது போல, அரிசியத் துன்னப்போவுது, ஓட்டுங்க" என்றாள்.

"குருவி இல்லம்மா" என்றேன். என் முகத்தைப் பார்த்த ஹரிதா பயந்துபோய் நிறுத்தப் போனாள். அவள் கையைப் பிடித்துத் தடுத்துவிட்டேன். திரையில் அது காதை நிமிர்த்திக் காத்திருந்தது. நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

புல்லுக்குள்ளிருந்து பதில் வந்தது.